திண்ணையும் தாழ்ப்பாளும்

நம் ஊர்ப் பழைய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருவை ஒட்டித் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் அங்கே அமரலாம். களைப்புத் தீரப் படுக்கலாம். அவரை யாரும் பெயர் கேட்பதில்லை. திண்ணையைக் கடந்தால் நடை. நடையைக் கடந்தால் கூடம். கூடத்திற்கு அப்பால் உள்ளறை. அந்த அறைக்கு ஒரு தாழ்ப்பாள். திண்ணை கட்டியவன் மனிதரை வெறுப்பவன் அல்லன். தாழ்ப்பாள் வைத்தவன் கள்ளனும் அல்லன். இரண்டையும் ஒரே மனிதன்தான் ஒரே வீட்டில் வைத்தான். எதைத் தெருவுக்குக் காட்டலாம், எதை வீட்டோடு நிறுத்தலாம் என்பதை அவனே முடிவு செய்தான். இன்று நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் இந்த ஒரு வீட்டுக்குள் அடங்கிவிடும்.

மாணவ நண்பர்களே, நான் கள்ளக்குறிச்சியில் ஆசிரியத் தொழில் செய்பவன். என்னிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, கணினியில் விளையாடுவது. தலை நரைத்த பின்னும் அது விடவில்லை. மற்றொன்று, கணினியிலும் கைப்பேசியிலும் என்னைப் பற்றிய செய்திகளை எளிதில் கொடாதிருப்பது. கடையில் கைப்பேசி எண் கேட்டால், "எதற்கு?" என்று கேட்பேன். நண்பர்கள் சிரிப்பார்கள். "மடியிலே கனம் இருந்தால்தானே வழியிலே பயம்?" என்று பழமொழியையும் எடுத்து வீசுவார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் அந்தப் பழமொழியை நம்பியவன்தான். அந்த நம்பிக்கை எனக்கு எவ்வாறு போயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலைப்பாதை தொடங்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மேலே வெள்ளிமலையைச் சுற்றிலும் சிறு சிறு ஊர்கள். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அங்கே சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சிற்றூரில் எனக்கு நெடுநாள் பழகிய முதியவர் ஒருவர் இருக்கிறார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019ஆம் ஆண்டில், முதன்முதலாக அவர் ஒரு கைப்பேசி வாங்கினார். அவருடைய எண்ணை என் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

அக்காலத்தில் நான் ஒரு பந்தய விளையாட்டில் மூழ்கியிருந்தேன். ஒரு நாள், "இலவசமாக நாணயங்கள் வேண்டுமா?" என்று ஒரு செயலி ஆசை காட்டியது. அதை இறக்கிக்கொண்டேன். என் தொடர்பு எண்களைப் பார்க்க அது அனுமதி கேட்டது. கார் ஓட்டும் விளையாட்டுக்கும் என் உறவினர் எண்களுக்கும் என்ன தொடர்பு என்று நான் நினைக்கவே இல்லை. "மடியில் கனமில்லை" என்ற துணிவோடு விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து மலைக்குச் சென்றேன். முதியவர் முகம் வாடியிருந்தது. யாரோ ஒருவன் அவரை அழைத்து, பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லி, கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கியில் இருந்த 6,000 ரூபாயையும் எடுத்துவிட்டான். மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் அது. "முன்பின் தெரியாதவனை எப்படி நம்பினீர்கள், ஐயா?" என்றேன். அவர் சொன்ன விடையை நான் மறக்க இயலாது. "உங்கள் பெயரைச் சொன்னான், வாத்தியாரே. உங்களுக்குத் தெரிந்தவன் என்றல்லவா நினைத்தேன்!"

அந்த மோசடிக்காரன் என் கைப்பேசி வழியாகத்தான் அவரை அடைந்தான் என்று என்னால் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் அவருடைய புதிய எண்ணையும் என் பெயரையும் ஒருசேர அறிந்த இடங்கள் மிகச் சில. நான் அந்த 6,000 ரூபாயை அவரிடம் கொடுத்தேன். அவர் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். அன்று மலையிலிருந்து இறங்கும்போது ஒன்று விளங்கிற்று. என் மடியில் கனம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிறர் நம்பிக் கொடுத்த பொருளெல்லாம் என் மடியில்தான் இருந்தது. நான் திறந்துவிட்டது என் வீட்டுக் கதவை. பறிபோனது மலைமேல் இருந்தவரின் கிழங்குப் பணம்.

ஒரு செயலி இதையெல்லாம் எவ்வாறு அறிகிறது? கைப்பேசியில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் வாழ்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, இருக்கும் இடம், தொடர்பு எண்கள் ஆகிய ஒவ்வொன்றும் பூட்டிய அறைகள். திறவுகோல் உங்களிடம் இருக்கிறது. செயலி அனுமதி கேட்கிறது; நீங்கள் கொடுக்கிறீர்கள். ஒருமுறை பார்த்துப் படியெடுத்துக்கொண்டபின், அனுமதியை நீங்கள் திரும்பப் பெற்றாலும் எடுத்தது எடுத்ததுதான். கொட்டிய பாலை அள்ள முடியாது.

இணையத்தில் உலாவும்போதும் இத்தகைய தடங்கள் விழுகின்றன. நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், விடையை எங்கே அனுப்புவது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக உங்கள் இணைப்புக்கு ஐ.பி. முகவரி என்ற எண் ஒன்று உண்டு. அஞ்சல் உறைமேல் எழுதும் முகவரி போன்றது அது. இக்காலத்தில் பெரும்பாலான தளங்கள் உறைக்குள் இருக்கும் கடிதத்தை மறையெழுத்தாக்கி அனுப்புகின்றன. ஆனால் உறைமேல் உள்ள முகவரி வழியில் உள்ளவர்க்குத் தெரியும். இதனுடன் குக்கி என்ற சிறு குறிப்பும் சேர்கிறது. தளம் உங்கள் கணினியில் வைத்துப்போகும் அடையாளச் சீட்டு அது. மறுமுறை வரும்போது உங்களை அறிந்துகொள்ள அது உதவுகிறது. இது நன்மையே. ஆனால் பல தளங்களில் ஒரே விளம்பர நிறுவனம் தன் சீட்டை வைத்தால், நீங்கள் காலையில் படித்ததையும் மாலையில் விலை கேட்டதையும் அது கோத்துப் பார்க்க இயலும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் உதிரிப் பூ; நாரில் கோத்தால் மாலை.

"என் பெயரைக் கொடுக்கவில்லையே, பிறகு எப்படி அறிவார்கள்?" என்று கேட்கலாம். இதற்குக் கணக்கே விடை சொல்லும். அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்ற அறிஞர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிறந்த நாள், ஆணா பெண்ணா என்ற செய்தி, அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தறிய இயலும் என்று மதிப்பிட்டார். பெயர் தேவையே இல்லை.

அதே கணக்கை நம் மலைக்குக் கொண்டுவருவோம். 300 பேர் வாழும் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 25,550 பிறந்த நாட்கள் அமையும். ஆண், பெண் எனப் பிரித்தால் 51,100 பெட்டிகள். 300 பேரை 51,100 பெட்டிகளில் போட்டால், பெரும்பாலும் ஒவ்வொருவரும் ஒரு பெட்டியில் தனியே நிற்பார். சென்னையின் கூட்டத்தில் ஒருவன் ஓரளவு மறைந்து நிற்கலாம். சிற்றூரில் அது முடியாது. "கல்வராயன் மலையில் இன்ன ஊரில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண்" என்று எழுதினால், பெயர் எழுதாமலே ஒரு குழந்தையை விரல் நீட்டிக் காட்டியதாகும். ஆகவே, தகவல் காப்பு பெருநகரத்தாரின் ஆடம்பரம் என்று எண்ணாதீர்கள். ஊர் சிறிதாகச் சிறிதாக அதன் தேவை பெரிதாகிறது.

இடத்தைப் பற்றிய செய்தி எத்துணை வலிமை உடையது என்பதற்கு வேறொரு நிகழ்ச்சி உண்டு. ஓடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் தம் பாதையைக் குறித்துக்கொள்ள உதவும் ஸ்ட்ராவா என்ற செயலி, 2017 நவம்பரில் உலகப் படம் ஒன்றை வெளியிட்டது. அதில் யாருடைய பெயரும் இல்லை. மக்கள் ஓடிய தடங்கள் மட்டும் ஒளிர்ந்தன. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுநோக்கினார். இருண்ட பாலை நிலங்களின் நடுவே சிறு வளையங்கள் ஒளிர்ந்தன. அவை இராணுவ முகாம்களில் வீரர்கள் காலையில் ஓடிய தடங்கள்! படைத்துறையே மறந்த தாழ்ப்பாளை ஒரு மாணவர் சுட்டிக் காட்டினார்.

இனி, என் அன்றாட வாழ்வைச் சிறிது சொல்கிறேன். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. விலை உயர்ந்த கருவியும் இல்லை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயக்குதளமும் இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. என் தம்பி மகன் அப்படி ஒரு கணினி பெற்றான். அவன் வேலைக்குப் போனபின் அது என்னிடம் வந்தது. அதில் இன்றும் இலகுவான லினக்ஸ் ஒன்றைத்தான் நிறுவியிருக்கிறேன். லினக்ஸின் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். சமையற்கட்டின் கதவைத் திறந்து வைத்துச் சமைக்கும் உணவு விடுதி போன்றது அது. நான் உள்ளே சென்று பார்ப்பதில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவர் பலர் பார்க்க முடியும் என்பதே எனக்குத் துணிவு.

கடவுச்சொல்லுக்கு நான் கையாளும் முறை ஒரு விளையாட்டு. எளிய சொற்கள் 2,048 எழுதி, வரிசை எண் இட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாணயத்தை 11 முறை சுண்டினால், பூவா தலையா என்ற விடைகள் 2,048 வகையாக அமையும். அதில் ஒரு வகை ஒரு சொல்லைக் காட்டும். இப்படி நான்கு சொற்கள் எடுத்துச் சேர்க்கிறேன். இயலும் சேர்க்கைகள் ஏறத்தாழ 17 லட்சத்து 59 ஆயிரம் கோடி. நொடிக்கு 1,000 முறை முயன்றாலும் அனைத்தையும் பார்த்து முடிக்க 550 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் உங்கள் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தீர்களானால், உங்களை அறிந்தவன் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடிப்பான். மனம் தேர்ந்தெடுக்கும் சொல்லைப் பிறர் மனமும் ஊகிக்கும். நாணயத்திற்கு மனம் இல்லை. அதுவே அதன் சிறப்பு. மேலும், ஒரு கடவுச்சொல்லை ஓர் இடத்திற்கு மேல் பயன்படுத்துவதில்லை. ஒரு விளையாட்டுத் தளத்தில் திருட்டு நடந்தால், அந்தத் திறவுகோல் வங்கிக் கதவிலும் பொருந்தக் கூடாது அன்றோ?

மாலையில் விளையாட்டு. தமிழ்நாட்டில் பிறந்தவனுக்குச் சதுரங்கம் இல்லாமல் முடியுமா? 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் நம் குகேஷ் 18 வயதில் உலக வாகையர் ஆனார். நான் லிசெஸ் என்ற தளத்தில் ஆடுகிறேன். பிரெஞ்சு நிரலாளர் திபோ துப்ளெஸி 2010இல் தொடங்கியது அது. இலாப நோக்கம் இல்லை, விளம்பரம் இல்லை, பெயர் பதியாமலே அமர்ந்து ஆடலாம். மெய்யான திண்ணை என்று அதைத்தான் சொல்வேன். பந்தயம் ஓட்ட வேண்டுமானால் சூப்பர்டக்ஸ்கார்ட். படை நடத்த வேண்டுமானால் வெஸ்நாத். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். பலர் கூடி ஆடும் பிற விளையாட்டுகளில் என் பெயரோ ஊரோ காணாத புனைபெயர் வைத்துக்கொள்கிறேன். முகம் தெரியாதவரோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவேன். வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. "எந்தப் பள்ளி? எந்த வகுப்பு?" என்று ஆட்டத்தின் நடுவே ஒருவன் கேட்டால், அவன் ஆட வந்தவன் அல்லன் என்று உணர வேண்டும்.

இதற்கு நான் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது. புகழ்பெற்ற விளையாட்டுகள் சில, ஏமாற்றுவோரைத் தடுக்கும் மென்பொருள் காரணமாக லினக்ஸில் இயங்குவதில்லை. அவற்றை நான் இழந்தேன். உறவினர் கூடும் குழுக்கள் சிலவற்றில் நான் இல்லை. அதனால் ஒரு காதுகுத்து விழாவையே தவறவிட்டேன். வி.பி.என். என்ற மறைவழி இருந்தால் எல்லாம் மறைந்துவிடும் என்போர் உண்டு. அது அஞ்சல்காரரை மாற்றுவதே ஆகும். புதிய அஞ்சல்காரர் நம்பத்தக்கவரா என்ற கேள்வி மீதி நிற்கும். பயனர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டின் கணினி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரலில் அத்தகைய நிறுவனங்களுக்கு ஆணையிட்டதையும் நினைவில் கொள்க. முழு மறைவு என்பது இல்லை. தேவையானதைக் கொடுத்து, தேவையற்றதை மறுக்கும் அளவறிவே உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1962இல் கரக் சிங் என்பவரின் வழக்கில், நள்ளிரவில் காவலர் வீட்டுக்கு வந்து சோதிப்பது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆனால் அந்தரங்கம் அரசியலமைப்பு தந்த உரிமை என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. 1994இல் தமிழகத்து இதழாசிரியர் ஆர். ராஜகோபால் தொடுத்த வழக்கில், தன்னைத் தனியே விடுமாறு கேட்கும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று அதே மன்றம் சொன்னது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமியின் வழக்கில், 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா என்று அது விதிக்கிறது.

உரிமைக்கு எல்லையும் உண்டு. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்கு ஆதார் வழியாக அடையாளம் காட்ட வேண்டும் என்றும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்றும் தமிழக அரசு 2025இல் விதி செய்தது. அந்தரங்க உரிமை கெடுகிறது என்று நிறுவனங்கள் வழக்காடின. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3ஆம் நாள் விதிகளை நிலைநிறுத்தியது. பொதுநலம் கருதி அவ்வுரிமைக்குத் தக்க வரையறை விதிக்கலாம் என்பது அதன் முடிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. என்னைக் கேட்டால், பணத்திற்காகச் சூதாடுபவன் தன் இழப்பை மறைக்கத் தாழ்ப்பாள் தேடுவது வேறு. ஒரு மாணவன் தன் வீட்டை அயலானிடமிருந்து காக்கத் தாழ்ப்பாள் இடுவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைப் பழிக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. தாழ்ப்பாள் அயலாருக்கு எதிராகத்தான்; தாய் தந்தையரிடமிருந்து துன்பத்தை மறைப்பதற்கு அன்று. எவனாவது உங்கள் படத்தையோ செய்தியையோ காட்டி அச்சுறுத்தினால், அதை உள்ளறையில் வைத்துப் பூட்டாதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதம் திருடனுக்கே துணை செய்யும். ஏமாந்தது குற்றம் அன்று. ஏமாற்றியதே குற்றம்.

அண்மையில் மீண்டும் மலைக்குச் சென்றேன். முதியவரின் பேத்தி கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு புதிய விளையாட்டைத் தன் கைப்பேசியில் நிறுவிக்கொண்டிருந்தாள். அது ஏதோ அனுமதி கேட்டது. அருகில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த முதியவர், திரையைப் பார்க்காமலே, "எதற்காம்? கேள்" என்றார். அவள் படித்துப் பார்த்தாள். தொடர்பு எண்களைப் பார்க்க வேண்டுமாம். "வேண்டாம்" என்று தட்டினாள். விளையாட்டு அப்படியும் ஓடியது.

"எதற்கு?" என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்கக் கணினிக் கல்வி வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை. உங்கள் கைப்பேசியில் எத்தனை செயலிகளுக்கு எத்தனை அறைகளைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள் என்று இன்று இரவே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தேவையற்றவற்றை மூடுங்கள். அந்த அறைகளில் இருப்பது உங்கள் பொருள் மட்டும் அன்று. உங்களை நம்பியவர்களின் பொருளும் அங்கேதான் இருக்கிறது.